பழைய மரத்தட்டு மோட்டார் படகு: எங்கிருந்து பிரிப்பது?

கேள்வி கேட்ட தம்பி அலிபாக் பக்கம் ஒரு பங்களாத் தோட்டத்தில் ஏழு மழைக்காலம் கிடந்த 17 அடி மோட்டார் படகை வாங்கியிருக்கிறார். 1970களில் செய்தது. உடம்பு ஃபைபர் கிளாஸ், மேல்தட்டு மகாகனி, பின்னால் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும், பின்சுவருக்கு வெளியே தொங்கிப் படகைத் தள்ளும் ஸ்டெர்ன் டிரைவும். இப்போது நவி மும்பையில் ஒரு ஷெட்டில் நிற்கிறது. சனி, ஞாயிறுகளில்தான் அவருக்கு நேரம். “தட்டை நல்லா தேய்ச்சு வார்னிஷ் அடிச்சா டிசம்பருக்குள்ள தண்ணியில இறக்கிடலாமா அண்ணே? உள்ள பிளைவுட் கெட்டிருந்தா கடையில கிடைக்கிறதையே போடலாமா? இன்ஜினை நம்ம ஊர் மெக்கானிக்கே பாத்துடுவாரா?”

இறக்கலாம் தம்பி. எந்த வருஷத்து டிசம்பர் என்பதில்தான் நமக்குள் பேச்சு இருக்கிறது.

என் சொந்த ஊர் தூத்துக்குடி. தாத்தா தோணி கட்டும் ஓடாவி. எனக்கு வாய்த்தது மும்பை மசகாவ் பக்கம் ஒரு பட்டறை. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேதான் படகு வேலை பார்த்தேன். இப்போது ஆன்டாப் ஹில்லில் வீட்டோடு இருக்கிறேன். தாத்தா சொன்ன அணியம், அமரம், ஏரா, வங்கு எல்லாம் இங்கே எந்த மிஸ்திரிக்கும் புரியாது. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் எல்லாக் கரைக்கும் பொருந்தும்: படகு மரத்தை அழுக வைப்பது கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். அவருடைய தோணித் தட்டைக் காலையில் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றித்தான் கழுவுவார்கள். நல்ல தண்ணீர் பட்டால் திட்டு விழும்.

காரணம் எளிது. மரத்தைத் தின்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி, கொஞ்சம் காற்றும் வெப்பமும் இருந்தால் போதும், அது குடிவந்துவிடும். உப்பு அதற்குப் பிடிக்காது. முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிய மரத்தில் காற்று இல்லாததால் அங்கேயும் அதற்கு வேலை இல்லை. அங்கே வேறு பகை, கப்பல் புழு. உங்கள் படகுக்கு அடியில் ஃபைபர் இருப்பதால் அந்தக் கவலை வேண்டாம். மேலே கயிறு கட்டும் கிளீட்டின் ஸ்க்ரூ ஒன்றின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, தட்டுக்கு அடியில் போக வழியில்லாமல் நிற்கும் மழைத் தண்ணீர்தான் உங்கள் எதிரி. ஏழு மழைக்காலம் என்றீர்கள். அதுவும் கொங்கண மழை.

ஆகவே தேய்ப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் உங்களுக்கு வேண்டியது ஒரு சின்னச் சுத்தியல், ஒரு குத்தூசி, ஒரு டார்ச், 5 மில்லிமீட்டர் டிரில் பிட்.

சுத்தியலின் கைப்பிடி முனையால் தட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று சொல்லும். கெட்ட இடம் பழுத்த பலாப்பழம் போல ‘பொத்’ என்னும். சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கிளீட், கைப்பிடி, கண்ணாடிச் சட்டத்தின் கால், தட்டு உடம்போடு சேரும் விளிம்பு, இந்த இடங்களைச் சுற்றித்தான் வட்டங்கள் கூடும். பிறகு உள்ளே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விட்டங்கள் தட்டைத் தொடும் இடத்தில் கறுப்புக் கறை இருந்தால் குத்தூசியால் குத்துங்கள். ஊசி நுனியோடு நின்றால் கறை மட்டும்தான். வெண்ணெயில் போவது போலப் போனால் அந்த விட்டம் முடிந்தது.

அடுத்து டிரான்ஸம், அதாவது ஸ்டெர்ன் டிரைவ் தொங்கும் பின்சுவர். வெளியே பார்த்தால் ஃபைபர், உள்ளே பிளைவுட். கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் தட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், இதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. டிரைவின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள்; சுவர் மூச்சு விடுவது போல அசைந்தால் சந்தேகமே வேண்டாம். அசையாவிட்டாலும் உள்பக்கத்திலிருந்து, கீழ் மூலைகளில், வெளித்தோலைத் துளைத்துவிடாமல் நாலைந்து துளை போடுங்கள். பிட்டில் வருவது வெளிர் நிற உலர்ந்த தூள் என்றால் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். நான் ஒரு படகில் துளை போட்டபோது தூளே வரவில்லை. ஃபில்டர் டிகாக்‌ஷன் மாதிரி கறுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. அதன் சொந்தக்காரர் அதற்கு முந்தின வாரம்தான் தட்டுக்கு எட்டாவது கோட் வார்னிஷ் அடித்து முடித்திருந்தார்.

இதே பரிசோதனையை ஸ்ட்ரிங்கர்களுக்கும் செய்யுங்கள். அடியில் நீளவாக்கில் ஓடி இன்ஜினைத் தாங்கும் கட்டைகள் அவை. இன்ஜின் மவுன்ட் போல்ட்டைச் சாவி போட்டு இறுக்கிப் பாருங்கள். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே மரம் இல்லை, மண்தான் இருக்கிறது.

இணையத்தில் ரீவா அக்வராமா படத்தைப் பார்த்து மயங்கி வருகிறவர்கள் அதிகம். 1962 முதல் 1996 வரை இத்தாலியில் செய்த அந்தப் படகுக்கு உடம்பே மரம். உங்களுடையது வேறு ரகம். உடம்பு ஃபைபர் என்பதால் பாதி வேலை மிச்சம். ஆனால் அழுகல் தோலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதால், கண்ணுக்குத் தெரிவதை நம்ப முடியாது.

இனி பிரிப்பது. தட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் ஒருமுறை நன்றாகப் பட்டேன். மேல்தட்டு அழகுக்கு மட்டும் இல்லை. இரண்டு பக்கச் சுவர்களையும் விரியாமல் இழுத்துப் பிடித்திருப்பதும் அதுதான். நான் ஒரு 18 அடிப் படகின் தட்டை அப்படியே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டிரான்ஸம் வேலையை முடித்தேன். மூன்று மாதம் கழித்துப் புதுத் தட்டை வைத்தால் ஒரு பக்கம் முக்கால் அங்குலம் குறைகிறது. பழைய தட்டை அச்சாக வைத்து வெட்டியதுதான், அளவில் பிழை இல்லை. படகுதான் விரிந்துவிட்டது. கயிறு போட்டு முறுக்கி இழுத்து ஒருவழியாகச் சேர்த்தோம். அந்த விளிம்பில் கடைசி வரை ஒரு நெளிவு நின்றது.

ஆகையால் முதலில் படகைத் தாங்கி மேல் நேராக நிறுத்துங்கள். டிரெய்லரின் இரண்டு உருளைகள் மட்டும் போதாது. அடிப்பாகம் நாலைந்து இடங்களில் தாங்கப்பட வேண்டும். அணியத்து நுனியிலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, டிரான்ஸத்தின் இரண்டு மூலைகளுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து சுவரிலேயே எழுதுங்கள். குறுக்கே ரீப்பர் கட்டைகளை வைத்து ஸ்க்ரூ அடித்து அந்த அகலத்தைப் பூட்டுங்கள். அதன் பிறகு தட்டில் கை வைக்கலாம்.

பழைய தட்டில் ஸ்க்ரூ தலைகள் வெளியே தெரியாது. வட்டமான மரத்தக்கை வைத்து மூடியிருப்பார்கள். உளியால் நோண்டினால் பலகையின் விளிம்பு சிதறும். தக்கையின் நடுவில் ஒரு சின்னத் துளை போட்டு, அதற்குள் சாதாரண ஸ்க்ரூ ஒன்றை முறுக்குங்கள். அதன் நுனி கீழே இருக்கும் பழைய ஸ்க்ரூவின் தலையில் முட்டியதும், தக்கை தானே மேலே ஏறி வரும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். வெளிவராமல் அடம்பிடிக்கும் ஸ்க்ரூவின் தலையில் சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று நிமிஷம் வைத்துச் சூடேற்றினால் பெரும்பாலும் இளகிவிடும்.

வெளியே வந்த ஸ்க்ரூக்களைத் தூக்கிப் போட்டுவிடாமல் பாருங்கள். பித்தளை ஸ்க்ரூ தாமிர நிறத்தில் இளஞ்சிவப்பாக மாறி, இடுக்கியில் வளைத்தால் சாக்பீஸ் போல உடைகிறது என்றால், உப்பு அதிலிருந்த துத்தநாகத்தைத் தின்றுவிட்டது. மறுபடி பித்தளை போடாதீர்கள். சிலிகான் பிரான்ஸ் கிடைத்தால் அதுதான் ராஜா. இல்லையென்றால் 316 ஸ்டெயின்லெஸ். கடைக்காரர் 304ஐ நீட்டி “சேம் டு சேம்” என்பார். வாங்காதீர்கள்.

ஒவ்வொரு பலகைக்கும் அடியில் எண் எழுதி, எந்தப் பக்கம் அணியம் என்று அம்பு போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த பலகையையும் எறிய வேண்டாம், புதுப் பலகைக்கு அதுதான் அச்சு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அடிப்பாகத்துப் பெயிண்டில் டின் கலந்த நஞ்சும் இருக்கலாம். 2008இல் உலக அளவில் தடை வருவதற்கு முன்பு அடித்த பெயிண்ட் அல்லவா. நல்ல முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அந்தச் சட்டையோடு உள்ளே போகாதீர்கள்.

பிளைவுட் கேள்விக்கு வருகிறேன். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளை மட்டும்தான். அந்தத் தரத்துக்கான சோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது. சமையலறை அலமாரிக்கு விற்கும் ஐ.எஸ். 303 ரகத்துக்குச் சோதனை அவ்வளவு கடுமை இல்லை. முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம். ரே ரோடு மரக்கடைகளில் வாங்கினாலும் சரி, எங்கே வாங்கினாலும் சரி, ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டில் குக்கர் அல்லாத பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கக் கொதிக்க வையுங்கள். வீட்டில் திட்டுவார்கள், நாற்றம் அப்படி. ஆனால் ஒரு பிளையின் யோக்கியதை அந்தப் பாத்திரத்தில் தெரிந்துவிடும். விளிம்பையும் பாருங்கள், நடு அடுக்குகளில் பொந்து இருந்தால் அதில் தண்ணீர் தங்கும்.

மேல் பலகைக்கு மகாகனிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு எச்சரிக்கை. நம்ம ஊரில் இப்போது தோப்புத் தோப்பாக மகாகனி நட்டிருக்கிறார்கள். இளமரத்தில் வெளுத்த பாகம் அதிகம், வைரம் குறைவு. வெளுத்த பாகம் எந்த மரத்தில் இருந்தாலும் படகில் நிற்காது. வைரம் பாய்ந்த பலகை கிடைத்தால் எடுங்கள். இல்லாவிட்டால் தேக்குக்கு மாறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இதே பம்பாயில் மலபார் தேக்கில் கட்டி 1817இல் இறக்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. தேக்கில் எண்ணெய் உண்டு என்பதால், பசை போடுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் தொட்டுத் துடைக்க வேண்டும். முந்தின நாள் துடைத்தால் பயனில்லை, எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

பழைய பலகைகளில் இரும்பு பட்ட இடம் கறுத்திருக்கும். அதைத் தேய்த்தே எடுக்கப் பார்த்தால் பலகை மெலிந்துபோகும். பிரின்சஸ் தெரு கெமிக்கல் கடைகளில் ஆக்சாலிக் ஆசிட் கிடைக்கும். வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிரஷால் தடவி விட்டுவிடுங்கள். கறுப்பு கண்ணெதிரே மங்கும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி நன்றாகக் காய வையுங்கள்.

டிரான்ஸமும் ஸ்ட்ரிங்கரும் கெட்டிருந்தால் உள்பக்கத்திலிருந்து வெட்டி எடுங்கள். வெளித்தோலைத் தொடாதீர்கள், அதுதான் புதுச் சுவருக்கு அச்சு. ஸ்டெர்ன் டிரைவுக்கு டிரான்ஸம் எவ்வளவு கனம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அதே கனம், இரண்டு முகமும் இணையாக. “கொஞ்சம் கூட இருந்தால் பலம்தானே” என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒட்டுவதற்கு எபாக்சி. ஃபைபர் உடம்பில் இருக்கும் பழைய பாலியெஸ்டர் ரெசின் மேல் எபாக்சி பிடிக்கும், எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள் அடுத்த வருஷம் தோல் உரிவதைப் பார்த்திருக்கிறார்கள். மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் எபாக்சி. ஈர மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மும்பை வெயிலில் எபாக்சி நம் அவசரத்தைவிட அவசரப்படும். 10 டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு மே மாதம் உதவிக்கு வந்த பையன் கட்டிங் சாய் குடித்த பிளாஸ்டிக் கப்பில் நிறையக் கலக்கி வைத்துவிட்டுப் போன் பேசப் போனான். திரும்பி வந்தபோது கப் உருகிப் புகைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். காற்றில் ஈரம் இருந்தால் காய்ந்த எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதைத் தேய்க்காதீர்கள், முதலில் தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் போட்டுக் கழுவிவிட்டுப் பிறகு தேயுங்கள். எபாக்சிக்கு வெயில் ஆகாது என்பதால் அதன் மேல் வார்னிஷ் கட்டாயம்.

தட்டை மூடும்போது, பலகைகளுக்கு இடையில் ஓடும் கோடுகளில் தாத்தா காலத்தில் பஞ்சுத்திரியும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடித்தார்கள். நீங்கள் பாலிசல்பைடு என்ற ரப்பர் மாதிரி அடைப்புப் பசை போடுங்கள். தயவுசெய்து பாத்ரூம் சிலிகான் வேண்டாம். அது பட்ட மரத்தில் பிறகு எந்த வார்னிஷும் ஒட்டாது. கிளீட், கைப்பிடி பூட்டும் துளைகளை வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, காய்ந்ததும் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளையுங்கள். அப்போது நாளைக்கு அந்த ஸ்க்ரூ வழியே தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொட முடியாது. இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் உங்கள் படகு இன்று இந்த நிலையில் இருக்கிறது.

வார்னிஷ் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் கோட் பாதிக்குப் பாதி தின்னர். பிறகு படிப்படியாகக் கெட்டி. எட்டு கோட்டாவது வேண்டும், இடையில் 220, 320 எண் தேய்ப்புத்தாள். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காலையில் அடியுங்கள். சாயங்காலம் அடித்தால் பனி இறங்கிப் பளபளப்பு மங்கும்.

குரோம் பூசிய பழைய சாமான்களில் காணாமல் போனதை மட்டன் தெரு சோர் பஜாரிலும் தாருகானா கப்பல் உடைப்புக் கடைகளிலும் தேடிப் பாருங்கள். குரோம் போடக் கொடுக்கும் முன் காந்தமும் அரமும் வைத்துப் பாருங்கள். உள்ளே பித்தளையா பிரான்ஸா என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். மசாக் என்ற துத்தநாகக் கலவை என்றால் குழி விழுந்ததை மீட்பது கஷ்டம்.

இன்ஜின். மெக்கானிக் நல்லவராக இருக்கலாம், ஆனால் கார் மெக்கானிக். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் மூன்றையும் கார்க் கடையில் வாங்கிப் பூட்டினால் பொருந்தும், ஓடவும் ஓடும். ஆனால் படகுக்கான ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் தீப்பொறி வெளியே வராதபடி மூடிச் செய்தவை. படகுக் கார்புரேட்டர் வழிந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாமல் இன்ஜினுக்கு உள்ளேயே போகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் அது கீழே கலைந்துபோகும். படகில் அடியில் குளம் போலத் தேங்கும். அங்கே ஒரு பொறி போதும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்த ஆவியை வெளியே தள்ளும் புளோயர் நாலு நிமிஷம் ஓட வேண்டும் என்பது அதனால்தான்.

இன்னொன்று, இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1970களின் ரப்பர் குழாய்க்கும், ஃபைபரில் செய்த பழைய டேங்குக்கும் அது ஆகாது; ரப்பர் இளகும், ரெசின் கரைந்து இன்ஜினுக்குள் போய் ஒட்டும். தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். குழாய், கேஸ்கட், டேங்க் எல்லாவற்றையும் மாற்றக் கணக்குப் போடுங்கள். ஸ்டெர்ன் டிரைவின் ரப்பர் பெல்லோஸ், அதாவது தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் மடிப்புக் குழாய், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அது கிழிந்தால் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும். பதிவு விஷயத்தை மகாராஷ்டிர கடல்சார் வாரியத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள், கடைசியில் வேண்டாம்.

இப்போது நாள் கணக்கு. இது அக்டோபர். நவம்பர் முடியப் பிரிப்பதும் காய்வதும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டிரான்ஸம், ஸ்ட்ரிங்கர், அடிப்பிளை. மார்ச், ஏப்ரலில் பலகையும் வார்னிஷும். மே மாதம் இன்ஜின். ஜூனில் மழை வந்துவிடும். கேட்வேயிலிருந்து மாண்டவா போகும் படகுகளே நின்றுவிடும் காலம் அது. மழைக்கு முன் படகை நீலத் தார்பாலினில் பொட்டலம் கட்டாதீர்கள். உள்ளே வேர்த்து, செய்த வேலை எல்லாம் பாழ். நடுவில் உத்தரக்கட்டை கொடுத்து, கூடாரம் போல இரண்டு முனையும் திறந்து கட்டுங்கள். அணியம் சற்று உயரமாக, வடிகால் அடைப்பு கழற்றியபடி. நாரளி பூர்ணிமாவுக்குக் கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகு, செப்டம்பர் கழித்து இறக்கலாம். நான் சொன்ன டிசம்பர் அதற்கு அடுத்து வருவது.

இறக்குவதற்கு முன், ஷெட்டில் நிற்கும்போதே ஒன்று செய்யுங்கள். உள்ளே தட்டுக்கு அடியில் முழுக்கப் பழைய நாளிதழை விரியுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள்ள, மற்றவர் குழாய்த் தண்ணீரைத் தட்டின் மேல் அரை மணி நேரம் ஓடவிடட்டும், முதலில் விளிம்பு, பிறகு ஒவ்வொரு கிளீட்டாக. நாளிதழில் எங்கே ஒரு சொட்டு விழுந்து எழுத்து கறுக்கிறதோ, அதற்கு நேர் மேலே இருப்பதை அன்றைக்கே கழற்றுங்கள்.